மூன்று வாரத்தில் வருவதாகச் சொல்லிப் போனவள்

பேருந்தில் வந்து இறங்கும் கூட்டத்தை நான் முகம் பார்த்து எடை போடுவதில்லை. முகத்தில் என்ன இருக்கிறது? ஒரு தொப்பி, ஒரு கறுப்புக் கண்ணாடி, காதில் வழிகாட்டி பேசுவதைக் கேட்க ஒரு குமிழ், மார்பில் எண் போட்ட ஒட்டுச்சீட்டு. எந்த நாட்டுக் கூட்டமானாலும் இதே சாமான்கள்தான். நான் பார்ப்பது கால். கோட்டைச் சுவருக்குள் இருக்கிற எங்கள் ஊர் பெனாமாரின் தெருக்கல் ஐந்நூறு வருஷமாகத் தேய்ந்து சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிட்டது. கோட்டை வாசலைத் தாண்டி நான்கு எட்டு வைப்பதற்குள் வெளியூர்க்கால் எது, உள்ளூர்க்கால் எது என்று சொல்லிவிடுவேன். வெளியூர்க்கால் சுவரோரமாகப் பதுங்கிப் போகும். உள்ளூர்க்கால் தெருவின் நடுவில் இருக்கிற பட்டைக்கல் வரிசையில் ஏறி, கீழே பார்க்காமல் போகும்.

வாசலிலிருந்து மூன்றாவது ஜன்னல் என்னுடையது. நான்கு ஜெரேனியத் தொட்டிகள் வைத்திருக்கிறேன். பூவுக்காக என்று சொல்லிக்கொள்வேன். பூவைப் படம் எடுக்காமல் யாரும் போவதில்லை. பெர்லினிலும் சியோலிலும் எத்தனையோ வீட்டு ஆல்பங்களில் இரண்டு பூக்களுக்கு நடுவே என் மூக்கும் இருக்கும்.

அந்த அக்டோபர் செவ்வாய்க்கிழமை வந்தது பிரெஞ்சுக் கூட்டம். முப்பத்தி நான்கு பேர். மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தவர் தெல்மோ, லிஸ்பனிலிருந்து கூட்டம் கூட்டிவரும் வழிகாட்டி. வாரம் இரண்டு முறை வருவார். அவர் பின்னால் கூட்டம் வழக்கம்போல வழுக்கியது, சிரித்தது, சுவரைப் பிடித்தது.

ஒரு பெண் மட்டும் வழுக்கவில்லை. நாற்பத்தைந்து வயது இருக்கும். அகலத் தொப்பி, கண்ணாடி, ஒட்டுச்சீட்டில் எண் பத்தொன்பது. தோளில் ஒரு துணிப்பை, அதை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள். அவள் நடுக்கல்லில் வந்தாள். அதுகூடப் பரவாயில்லை, தற்செயல் என்று விட்டுவிடலாம். எதிர்வரிசை யுலாலியாக்காவின் வீட்டு வாசலுக்கு முன்னால் ஒரு கல் துருத்திக்கொண்டு நிற்கும். நாற்பது வருஷமாக வருகிறவர்கள் எல்லாரையும் அது ஒரு தரம் தடுக்கிவிடும். அவள் அந்தக் கல்லுக்கு மேலே, பார்க்காமலே, காலைத் தூக்கி வைத்துக் கடந்தாள். கடக்கும்போது இடது பாதம் சற்று உள்பக்கமாகத் திரும்பியது.

கையிலிருந்த பீன்ஸ் கிண்ணத்தை மடியில் இறக்கினேன். இந்தப் பாதத்தை எங்கள் ஊரில் ஒரு குடும்பம்தான் வைத்திருந்தது.

என் ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிற வீட்டின் முன்னால் தெல்மோ குடையை ஆட்டி நிறுத்தினார். நீலக்கரை போட்ட வெள்ளை வீடு. பிரெஞ்சில் சொன்னாலும் என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். மாடி ஜன்னலில் மூர் இனத்து முஸ்லிம் இளவரசி ஒருத்தி நின்றாளாம், கிறிஸ்தவ வீரன் ஒருவனுக்காக. அந்த ஜன்னலை வைத்தவர் அப்போது வீட்டுக்காரராக இருந்த கொத்தனார் பெல்மிரோ. வைத்த வருஷத்தில் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

"தெல்மோ, அந்தப் பொண்ணு போன வாரம் கிணத்துல விழுந்தா. இன்னிக்கு ஜன்னல்லேர்ந்து குதிக்கிறாளா?" என்று எங்கள் மொழியில் கேட்டேன்.

"கிணறு வரைக்கும் கூட்டிட்டுப் போக நேரமில்லீங்க அம்மா. நாலு மணிக்கு பஸ்ஸு. இங்கேயே குதிச்சிடட்டும்."

"குதிச்சுக் கால் உடைஞ்சா நீதான் வந்து கட்டுப் போடணும்."

முப்பத்தி மூன்று பேருக்கு ஒன்றும் புரியவில்லை. பத்தொன்பதாம் எண் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டது. எல்லாரும் ஜன்னலை அண்ணாந்து பார்க்க, அவள் கதவைப் பார்த்தாள். அதில் இப்போது எண்களை அழுத்தித் திறக்கிற ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. லிஸ்பன் தம்பதி வீட்டை வாங்கி நாள் வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அவள் கை தானாக நீண்டு, கறுப்புப் பெட்டிக்கு ஒரு சாண் இடதுபக்கம், பழைய கதவில் பூட்டு இருந்த உயரத்தில் போய் நின்று, ஒன்றும் அகப்படாமல் இறங்கியது.

பீன்ஸை அப்படியே வைத்துவிட்டு, ரொட்டி வாங்கப் போகிறவள் மாதிரி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ரொட்டி காலையிலேயே வாங்கியாகிவிட்டது.

அந்தப் பத்தொன்பதாம் எண் ஒடெத். அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெல்மிரோ, ரொசாலினா இருவருக்கும் ஒரே பெண். பத்தொன்பது வயதில், கோட்டைச் சுவருக்கு விளக்குப் போட வந்த எலெக்ட்ரிஷியனோடு பழகி, வயிற்றில் பிள்ளையோடு நின்றாள். அவன் கல்யாணமானவன். இது பெல்மிரோவுக்கு மகள் வாயால் தெரிவதற்கு முன்னால் என் வாயால் தெரிந்துவிட்டது. ரொட்டிக்கடை வரிசையில், சும்மா, பார்த்ததைச் சொன்னேன். பெல்மிரோ கூச்சல் போடுகிற ஆள் இல்லை. வீட்டுக்குப் போய் மகளிடம், "வாசல் அந்தப் பக்கம் இருக்கு" என்று மட்டும் சொன்னாராம். ஒடெத் பிரான்சுக்கு, லியோனில் இருந்த சித்தி வீட்டுக்குப் போனாள்.

நான்கு மாதம் கழித்துப் பிரசவத்துக்காக ரொசாலினா கிளம்பினாள். ஒரே ஒரு பெட்டி. பக்கத்து வீட்டு யுலாலியாவிடம், "மூணு வாரத்துல வந்துடறேன், கோழிக்கு மட்டும் தீனி போட்டுடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் ஜன்னலில் இருந்தேன், என் காதால் கேட்டேன்.

மூன்று வாரம் முடிந்தது. பெல்மிரோ வந்துவிடு என்று ஒரு வரி எழுதவில்லை. "போனவளுக்குத் திரும்பி வர வழி தெரியாதா?" என்றார். அங்கே அவள், "மகளைத் துரத்தின வீடு. அவரா கூப்பிட்டா வர்றேன்" என்றாளாம். இருபது வருஷம் இதே நிலை. இரண்டு பேருமே நல்லவர்கள். நல்லவர்களுக்குத்தான் இவ்வளவு பிடிவாதம் தாங்கும்.

கூட்டத்துக்கு நான்கு மணி வரை ஓய்வு கொடுத்தார் தெல்மோ. பாதிப் பேர் செர்ரி மதுக்கடைக்குள் நுழைந்தார்கள். மீதிப் பேர் சுவர்மேல் ஏறினார்கள். ஒடெத் கோட்டைப் பக்கம் ஏறினாள். எங்கள் கல்லறை அங்கேதான், கோட்டைக்கு உள்ளேயே, மேற்குச் சுவருக்கு அடியில். சுவர்மேல் நடக்கிறவர்களுக்கு எங்கள் செத்தவர்கள் எல்லாரும் மேலிருந்து தெரிவார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் மூன்றாவது வரிசையில், சைப்ரஸ் மரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். கண்ணாடியைக் கழற்றியிருந்தாள். கல்லில் இருந்த பெயரைப் படித்தாள். பக்கத்துக் கல்லைப் படித்தாள். மறுபக்கத்துக் கல்லைப் படித்தாள். திரும்ப முதல் கல்லுக்கு வந்தாள்.

"இடம் தப்பில்ல, ஒடெத்," என்றேன்.

அவள் திடுக்கிடவில்லை. "ஜன்னல்லேயே பார்த்துட்டீங்கன்னு தெரியும், அத்தை. நீங்க வர எவ்வளவு நேரமாகும்னுதான் பார்த்தேன்."

"வயசாயிடுச்சு. ஏறணுமில்ல."

"மூச்சு வாங்குது உங்களுக்கு. உட்காருங்க." உட்கார்ந்தேன். அவள் உட்காரவில்லை. "இது யாரு, கல்லுல எஸ்பெரான்சான்னு போட்டிருக்கு? எங்கப்பா எங்கே?"

எங்கள் ஊரில் குழியைச் சொந்தமாக வாங்கியவர்கள் ஐந்தாறு குடும்பம்தான். மற்றவர்களுக்கு மண் சில வருஷத்துக்கு மட்டும். சுவருக்குள்ளே இருக்கிற கல்லறைக்குப் புது இடத்தை எங்கே தேடுவது? முறை வந்ததும் திறப்பார்கள். சொந்தக்காரர்கள் வந்து நின்று எலும்பை எடுத்து, துடைத்து, சின்னப் பெட்டியில் போட்டு, சுவர் மாடத்தில் வைப்பார்கள். யாரும் வரவில்லை என்றாலும், மாடம் நிறைந்து பழைய பெட்டிகளைக் காலி செய்தாலும், சிற்றாலயத்துக்கு அடியில் பொதுக்குழி. அதற்கு முன்னால் மூன்று மாதம் தேவாலயக் கதவில் பெயர்ப்பட்டியல் ஒட்டியிருக்கும். அந்தக் கதவில் ஒட்டிவிட்டால் உலகத்துக்கே தெரிந்துவிடும் என்பது எங்கள் ஊரின் எண்ணம். ஒரு காலத்தில் அது சரியாகவும் இருந்தது, உலகமே சுவருக்கு உள்ளேதான் இருந்தது. இப்போது சுவருக்குள் நாங்கள் பதினொரு பேர்.

இதெல்லாம் அவளுக்கும் தெரியும். அதனால் நான் இரண்டே வார்த்தைதான் சொன்னேன். "மார்ச்சுல திறந்தாங்க."

"மார்ச்சுலயா." அவள் பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "கதவுல ஒட்டியிருப்பாங்களே."

"டிசம்பர்லேர்ந்து இருந்துச்சு."

"நீங்க பார்த்தீங்களா?"

"தினமும்."

ஏன் எங்களுக்கு எழுதவில்லை என்ற அடுத்த கேள்வியை அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பதில் இதுதான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ரொசாலினாவிடமிருந்து எனக்கு ஓர் அட்டை வரும். யார் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்திருப்பாள். கணவர் பெயர் மட்டும் இருக்காது. நானும் நான்கு பக்கம் பதில் எழுதுவேன். யார் வீட்டை விற்றார்கள், யார் மருமகளோடு பேசவில்லை, பாதிரியார் எத்தனை கிலோ கூடினார். பெல்மிரோவைப் பற்றி ஒரு வரி இருக்காது. கேட்காததை நான் ஏன் சொல்ல வேண்டும், எனக்கும் மானம் உண்டு என்று இருந்தேன். அவர் இறந்தபோது மட்டும் எழுதினேன். அதற்கு அவள் நன்றி என்று ஒரு வார்த்தை எழுதினாள், வரவில்லை. ஊர் அவளைப் பேசியது. நானும் பேசினேன், சற்று அதிகமாகவே.

போன கிறிஸ்துமஸுக்கு அட்டை வரவில்லை. அதே டிசம்பரில் பட்டியல் ஒட்டப்பட்டது, நான்காவது பெயர் பெல்மிரோ. யுலாலியா என்னைக் கேட்டாள், "ரொசாலினாவுக்கு எழுதிட்டியாடி?" அட்டைகூடப் போடாதவளுக்கு நான் என்ன எழுதுவது என்று மனதுக்குள் முறுக்கிக்கொண்டு, "பார்த்துக்கலாம்" என்றேன். அதை எழுதிவிட்டதாக அவள் எடுத்துக்கொண்டாள். பாதிரியாரும் எடுத்துக்கொண்டார். ஊரில் எந்தச் சேதியானாலும் இந்தக் கிராசிந்தா சொல்லியிருப்பாள் என்று ஒரு நம்பிக்கை. முப்பது வருஷமாக உழைத்து நானே சம்பாதித்த நம்பிக்கை.

"இந்த வருஷம் அம்மாகிட்டேர்ந்து அட்டை வரலையே," என்றேன். என் பக்கத்தில் ஏதாவது நியாயம் இருக்கிறதா என்று தேடினேன்.

"டிசம்பர்ல ஆஸ்பத்திரியில இருந்தா. கை எழுத வரல. உங்களுக்கு அட்டை வாங்கி வச்சிருந்தா, ஆட்டுக்குட்டிப் படம் போட்டது. ஜனவரியில போயிட்டா." ஒடெத் பையின் வாயைத் திறந்து காட்டினாள். நீலச் சால்வையில் சுற்றிய சாம்பல் நிற உலோகக் குடுவை, காப்பித்தூள் டப்பா அளவு.

எனக்குச் சற்று நேரம் புரியவில்லை. புரிந்தபோது எழுந்துவிட்டேன். "எரிச்சிட்டியா? அம்மாவையா?"

"அங்கே எல்லாரும் செய்றாங்க அத்தை. முழுசா எடுத்துட்டு வர்றதுன்னா எத்தனை காகிதம் தெரியுமா. இப்படின்னா மடியில வச்சு எடுத்துட்டு வந்துடலாம்."

"பஸ்ஸுலயா?"

"பஸ்ஸுலதான். ஏழு நாள், ஏழு ஊர், காலை டிபன் சேர்த்து. பட்டியல்ல நம்ம ஊர் பேரைப் பார்த்தேன். தனியா வந்தா வாசல்லேயே எல்லாரும் முகத்தைப் பார்ப்பீங்க. கூட்டத்தோட வந்தா ஒருத்தரும் பார்க்கமாட்டாங்கன்னு நெனச்சேன்." கொஞ்சம் சிரித்தாள். "உங்களை மறந்துட்டேன்."

பிறகு சொன்னாள். சாகிறதுக்கு இரண்டு நாள் முன்னால் ரொசாலினா கேட்டது ஒன்றே ஒன்று. என்னை அவர் பக்கத்தில் வை. இருபத்தாறு வருஷத்தில் மகளிடம் அவள் கேட்ட முதல் காரியம். அப்பா இறந்த கடிதம் வந்த அன்றும் பெட்டியைக் கட்டினாளாம். கோட்டும் போட்டுக்கொண்டு சமையலறை நாற்காலியில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, "இனிமே போய் யார் கூப்பிட்டாங்கன்னு சொல்றது?" என்று பெட்டியைப் பிரித்துவிட்டாளாம்.

நாங்கள் ஊரில் பேசியது எல்லாம் எனக்கு நினைவு வந்தது. குறிப்பாக நான் பேசியது.

தண்ணீர்க் குடத்தோடு அபிலியோ வந்தான். குழி வெட்டுவதும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் சிற்றாலயத்தைப் பூட்டுவதும் திறப்பதும் எல்லாம் அவன்தான். ஒடெத்தைப் பார்த்தான், குடத்தைக் கீழே வைத்தான், தொப்பியைக் கழற்றினான். பள்ளியில் அவளுக்கு நான்கு வகுப்பு மேலே படித்தவன்.

"நீயா?" என்றான்.

"நான்தான். எங்கப்பாவை எங்கே வச்சே?"

அபிலியோ என்னைப் பார்த்தான். நான் சைப்ரஸ் மரத்தைப் பார்த்தேன்.

"கிராசிந்தாக்கா எழுதலையா உனக்கு? எழுதியாச்சு, நீ வரலைன்னுல்ல சொன்னாங்க. நான்கூடத் திட்டினேன் உன்னை, மனசுக்குள்ள."

"யார் சொன்னது?" என்றேன்.

"எல்லாரும்."

ஒடெத் கையை உயர்த்தினாள், போதும் என்பதுபோல. "எங்கே வச்சே, அபிலியோ."

அவன் சிற்றாலயத்துக்குக் கூட்டிப்போனான். பலிபீடத்துக்கு அடியில் தரையில் இரும்புக் கம்பி மூடி ஒன்று. குனிந்து பார்த்தால் இருட்டுதான் தெரியும், ஈரக்கல் வாசனை வரும். "அந்த வாரம் ஒன்பது பேர். எல்லாரையும் மரியாதையாத்தான் இறக்கினேன். ஆனா தனித்தனியா இல்ல. பொய் சொல்லமாட்டேன், இன்ன மூலைன்னு காட்டமுடியாது," என்றான். பிறகு மெதுவாக, "பாதம் மட்டும் எனக்கு அடையாளம் தெரிஞ்சுது. அரிவாள் மாதிரி உள்பக்கம் வளைஞ்சு," என்றான்.

சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அவனும் ஆறுதலாகத்தான் சொன்னான்.

ஒடெத் கம்பி மூடிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். குடுவையை வெளியே எடுத்தாள். சால்வையைப் பிரிக்கவில்லை. கோபுர மணி மூன்று அடித்தது.  வெளியே, சுவர்மேல் நின்ற ஒரு ஜோடி கீழே பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. சட்டையில் ஒட்டுச்சீட்டு, அவள் கூட்டம்தான். நான் கதவைச் சாத்தினேன்.

"அம்மாவை உள்ளே சேர்க்கிறதுன்னா ஊராட்சி அலுவலகத்துல ஒரு காகிதம் வாங்கணும்," என்றான் அபிலியோ. "வியாழக்கிழமைதான் ஆள் வருவாரு."

"இன்னிக்கு செவ்வாய்," என்றேன்.

"தெரியும் அக்கா. காகிதம் இருக்குன்னு சொல்றேன், அவ்வளவுதான். பூட்டைத் திறக்கமாட்டேன்னு சொன்னேனா?"

ஒடெத் தலையை ஆட்டினாள். "வேண்டாம். திருப்பி எடுத்துட்டுப் போறேன்." குடுவையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "கூப்பிடாம வரமாட்டேன்னு உட்கார்ந்திருந்தவ. சாகும்போதுதான் அதை விட்டா. விட்டது எதுக்கு? அவர் பக்கத்துல இருக்கத்தானே. பக்கம்னு ஒண்ணே இல்லாத இடத்துல, அவர் கூப்பிடவும் இல்லாம, கூட்டத்துல தள்ளிட்டுப் போகவா? அவர் ஒரு தடவைகூடக் கேட்கலையே அத்தை. கேட்டிருந்தா நீங்க நாலு பக்கத்துல எழுதியிருப்பீங்க. ஒவ்வொரு லெட்டரையும் அம்மா ரெண்டு தரம் படிப்பா. முதல்ல வேகமா. அவர் பேர் இருக்கான்னு பார்க்க."

இந்த இடத்தில் ஒரு நல்ல பொய் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வராது என்று யாரும் சொல்லமாட்டார்கள். தினமும் அவள் பெயரைச் சொல்லி அழுதார் என்று ஆரம்பித்திருந்தால் அரை மணி நேரம் கண்ணீரோடு சொல்லியிருப்பேன். வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"கேட்கல," என்றேன். "ஒரு நாளும் கேட்கல. ஆனா சாவி இருந்துச்சு."

"எந்த சாவி?"

"உங்க வீட்டுச் சாவி. கதவுல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எங்கள் தெருவில் சாவி பகல் முழுவதும் கதவில் வெளிப்பக்கமாகத் தொங்கும். ஆள் இருக்கிறது, தள்ளிக்கொண்டு வரலாம் என்று அர்த்தம். படுக்கப் போகும்போது எடுத்து உள்ளே மாட்டுவோம். இது அவளுக்கும் தெரிந்ததுதான்.

"பகல்ல எல்லார் வீட்லயும்தானே இருக்கும்."

"ராத்திரியும் இருந்துச்சு. உங்கம்மா போன மூணாவது வாரத்துலேர்ந்து. முதல் நாள் குடிச்சிட்டு மறந்துட்டாருன்னு நெனச்சேன். மறுநாள் வயசாயிடுச்சுன்னு நெனச்சேன். அப்புறம் ஒரு மழை நாள்ல பார்த்தேன், சாவியில துரு பிடிக்கக்கூடாதுன்னு எண்ணெய் போட்டுத் துடைச்சு, திருப்பி வெளிப்பக்கமா மாட்டிட்டு உள்ளே போறாரு. இருபது வருஷம், ஒடெத். ஊர்ல எத்தனை வெளியாள் வந்தாலும் எடுக்கல."

அபிலியோ தரையைப் பார்த்தபடி, "ஆமா. நானும் பார்த்திருக்கேன்," என்றான்.

"ராத்திரியுமா?" என்றாள் மறுபடியும்.

"ராத்திரியும்."

"இதை ஏன் எழுதல?"

இருபது வருஷம், வருஷத்துக்கு நான்கு பக்கம். பாதிரியாரின் தொப்பைக்கு அதில் இடம் இருந்தது. "கதவுல சாவி இருக்குங்கிறது ஒரு சேதியான்னு நெனச்சிட்டேன்," என்றேன். "யாராவது ஓடிப்போனா, சண்டை போட்டா, அது சேதி. இது தினமும் இருந்துச்சு."

 திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திரும்பிச் சால்வையின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

இன்னொன்று இருக்கிறது. அதை அவளிடம் சொல்லவில்லை. பெல்மிரோவின் கடைசி வாரத்தில் நான்தான் கீரை சூப் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஊரில் அப்போது சந்தை, தெரு முழுக்க வெளியாட்கள். படுத்தபடியே கேட்டார், "சாவி கதவுல இருக்கா, பாரு." திருட்டுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இருபது வருஷம் ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துப் புரிந்துகொண்டவள், கேட்கிற அந்த நேரத்தில் மட்டும் முட்டாளாகிவிட்டேன். "கவலைப்படாதீங்க, காலையிலேயே எடுத்து அலமாரியில வச்சிட்டேன்," என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சூப்பை வேண்டாம் என்று தள்ளினார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். மறுநாள் விடியும்போது இல்லை.

அபிலியோ பூட்டைத் திறந்து கம்பி மூடியைத் தூக்கினான். ஜெபம் யாருக்கும் முழுதாக வரவில்லை, பாதிவரை நான் சொன்னேன். ஒடெத் குப்புறப் படுத்து, கையை உள்ளே நீட்டி, குடுவையை மெதுவாகச் சாய்த்தாள். சத்தமே வரவில்லை. மாவு சலிக்கிற மாதிரி ஒரு மெல்லிய புகை மேலே வந்து அவள் தலைமயிரில் படிந்தது.

"உள்ளே யார் யார் இருக்காங்க, அத்தை?" என்றாள், படுத்தபடியே.

"உங்க பாட்டன் இருக்காரு. ரொட்டிக்கடை லியோனெல். என் வீட்டுக்காரர். அப்புறம், வருத்தமாத்தான் இருக்கு, உங்கம்மாவோட மாமியாரும் இருக்கா."

"ஐயோ பாவம் அம்மா," என்றாள். அழுகை அப்போதுதான் வந்தது. சிரிப்பில் ஆரம்பித்ததால் அதை நிறுத்த அவளுக்கு வெகுநேரம் ஆனது. அபிலியோ வெளியே போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினான். ஏற்கெனவே ஊற்றிய செடிகளுக்கே ஊற்றினான்.

நான்கு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நானும் அவளும் இறங்கி வந்தோம். தொப்பி, கண்ணாடி எல்லாம் பழையபடி. வீட்டைக் கடக்கும்போது, வாடகைக்குத் தங்கியிருந்த யாரோ ஒருவர் கறுப்புப் பெட்டியின் எண்களை அழுத்திக்கொண்டிருந்தார். முதல் தடவை திறக்கவில்லை, மறுபடி அழுத்தினார். ஒடெத் நிற்கவில்லை.

வாசல் வளைவுக்கு அடியில் நின்று சொன்னாள். "ஒரு உதவி செய்வீங்களா? அம்மா வந்துட்டான்னு ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லுங்க."

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. யாரிடமும் சொல்லாதே என்றுதான் கேட்பார்கள்.

"சொல்றேன்," என்றேன். "மறுபடி வருவியா?"

"எதுக்கு?" என்றாள். கடுமையாக இல்லை. உண்மையிலேயே யோசித்துப் பார்த்துக் கேட்டாள்.  அவள் என் கன்னத்தில் முத்தமிடவில்லை. கையைத் தொட்டாள், அவ்வளவுதான்.

பேருந்தின் படியில் தெல்மோ தலைகளை எண்ணினார். வரும்போது முப்பத்தி நான்கு, போகும்போதும் முப்பத்தி நான்கு. திருப்தியாகக் குடையை மடக்கினார். எனக்குக் கையை ஆட்டி, "அடுத்த வாரம் கிணறுதான் அம்மா," என்றார். ஒடெத் மறுபக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை தட்டையாகக் கிடந்தது.

சொல்வதாக ஒப்புக்கொண்டேன் அல்லவா, சொல்ல வேண்டுமே. தெருவில் நடந்தேன். பெரெய்ரா வீடு வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது. அடுத்த வீடும் வாடகைக்கு. தபால்காரர் வீடு கைவினைக் கடை. மணிக்காரன் வீட்டில் ஜெர்மன்காரர், கோடையில் மட்டும் வருவார். ஒரு காலத்தில் எங்கள் தெருவின் இந்த முனையில் ஒன்றைச் சொன்னால் அந்த முனையை அடைவதற்குள் அது குட்டி போட்டிருக்கும். இப்போது முனைவரை போனேன், ஒரு கதவில்கூடச் சாவி இல்லை.

யுலாலியா தன் வாசலில் நாற்காலி போட்டு, வெயில் இருந்தவரை வெயிலில் உட்கார்ந்திருந்தாள். தொண்ணூறு ஆகிறது, காது பாதிதான். அவள் காதருகே குனிந்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

"யுலாலியாக்கா. ரொசாலினா வந்துட்டா."

அவள் ஆச்சரியப்படவில்லை. தலையை ஆட்டினாள்.

"மூணு வாரத்துல வந்துடறேன்னுதானே சொல்லிட்டுப் போனா," என்றாள். பிறகு முகம் சுருங்கியது. என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "அந்தக் கோழியெல்லாம் செத்துப்போச்சேடி. நான் எப்படி அவ முகத்துல முழிப்பேன்?"